புதுத் துவக்கின் கரி

இங்கே ரொறன்ரோவில் இரவு, உங்களில் சிலருக்கு விடியற்காலை. ஆகையால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எழுதித் தவறிய ஒரு சிறுகதை பற்றிப் பேசச் சொன்னார்கள். என்னுடையதையே எடுக்கிறேன். ஒருவர் மான் வேட்டைக்குப் புது ரைபிள் வாங்குகிறார். வீட்டில் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் கரி. பாவித்ததைப் புதிதென்று விற்றதாகச் சொல்லி, கடைக்காரரை ஊரெல்லாம் கள்ளனாக்குகிறார். கதையும் அவர் பக்கமே நின்றது.

வெளிவந்த கிழமையே ஒரு வாசகர் அழைத்தார். நீண்டகாலம் வேட்டைக்குப் போகிறவர். "அண்ணை, கரி கிடந்தா மட்டும் பழசெண்டு சொல்லேலாது. தொழிற்சாலையிலயே சுட்டுப் பாத்துத்தான் அனுப்புறவை" என்றார்.

பிறகு தேடிப் படித்தேன். பர்மிங்ஹாமில் 1813இல் பாராளுமன்றச் சட்டத்தால் அமைந்த சோதனைக்கூடம் இன்றும் இயங்குகிறது. வழமையைவிட அழுத்தம் கூடிய தோட்டாவால் சுட்டு, குழல் தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள்.

அந்த வாசகர் தன் ரைபிளையே எனக்குக் காட்டினார். முதலில் தோட்டாக்கூட்டைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லையென்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்தார். பின்பு ஒவ்வொன்றாகக் காட்டினார். போல்ட்டின் முகப்பில் தோட்டாவின் அடி பதிந்த பித்தளை வளையம். சில வேட்டுகளிலேயே அது வரும். ஆனால் போல்ட் பூட்டும் இடங்களில் பூச்சுத் தேய்ந்திருப்பது, தொலைநோக்கி பூட்டிய தழும்பு, திருகாணித் தலையில் சிதைவு, குழலின் தொடக்கத்தில் காய்ந்த குளத்துச் சேறு போன்ற வெடிப்பு, இவை பலநாள் பாவனையைச் சொல்பவை. பெட்டியிலுள்ள இலக்கமும் துவக்கிலுள்ள இலக்கமும் பொருந்தவேண்டும்.

"ஒண்டை மட்டும் பாத்து முடிவெடுக்காதேங்கோ. எல்லாத்தையும் சேத்துப் பாருங்கோ. பிறகும் கடைக்காரரை ஒருக்காக் கேளுங்கோ" என்றார்.

என் கதையில் அவரை யாரும் கேட்கவில்லை. எழுதிய நானும் கேட்கவில்லை.

நண்பர்களே, இளவயதில் ஒரு சோதனைச்சாவடியில் என் முழங்கைத் தழும்பைப் பார்த்து, "பயிற்சி எடுத்தாயா?" என்று கேட்டார்கள். அது சைக்கிளில் விழுந்த காயம். அதை நம்பவைக்க அன்று பின்னேரம் வரை வெயிலில் நின்றேன். ஒரு அடையாளத்தை வைத்து ஒருவரைத் தீர்மானித்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்த நானே அந்தக் கதையை எழுதியிருக்கிறேன்.

கதையைத் திருத்தி எழுதிவிட்டேன். இப்போது அவர் துவக்கோடு கடைக்குத் திரும்பிப் போகிறார், கேட்பதற்காக.