பெயர்ப் பலகை விதிகளும் திட்ட ஆலோசகரும்

(பொம்மசந்திராவில் சிறுதொழில் முனைவோர், வணிகர், உள்ளாட்சி உறுப்பினர் ஆகியோர் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஓசூர் சாலை வழியாக இங்கு வந்தபோது தொழிற்பேட்டைக்குத் திரும்பும் இடத்தை நான் தவறவிட்டேன். வழிகாட்டும் பலகை அங்கே இருக்கத்தான் செய்தது. அதை மறைத்து மூன்று வாழ்த்துப் பேனர்கள் கட்டப்பட்டிருந்தன. எனக்கு நேர்ந்தது பத்து நிமிடத் தாமதம் மட்டுமே. ஆனால் நோயாளியை ஏற்றி வரும் வாகனத்துக்கு அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு பெரிது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பலகை விதிகளைச் சில்லறை விவகாரமாகக் கருதுவது நம் வழக்கம். பொருளாதாரக் கண்ணோட்டத்தில் அது சில்லறை விவகாரம் அன்று. பலகை வைப்பவருக்கு இலாபம் கிடைக்கிறது. பார்வை மறைவதும் உயிருக்கு ஆபத்து நேர்வதும் சாலையில் செல்பவரைச் சேர்கின்றன. செலவை ஒருவரும் பயனை மற்றொருவரும் அடையும் இடத்தில் சந்தை தானாக ஒழுங்குபடாது. அங்கே விதி தேவைப்படுகிறது.

அந்த விதிகளைத் திருத்தி அமைக்கத் திட்ட ஆலோசகர் ஒருவரை அமர்த்தலாமா என்பதே இன்றைய கேள்வி. அமர்த்தலாம் என்பது என் கருத்து. ஆனால் அவரிடம் எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

பெங்களூரின் அனுபவம்

2018 ஆகஸ்டில் கர்நாடக உயர்நீதிமன்றம் கண்டிப்பான உத்தரவு பிறப்பித்த பிறகே பெங்களூரில் பிளெக்ஸ் பேனர்களும் சட்ட விரோத விளம்பரப் பலகைகளும் பெருமளவில் அகற்றப்பட்டன. அதே மாதத்தில் மாநகராட்சி விளம்பரங்களுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. 2006 முதல் துணைவிதிகள் நடைமுறையில் இருந்தும் நீதிமன்றம் தலையிட நேர்ந்தது ஏன்? விதி இல்லாமை அதற்குக் காரணம் அன்று. எந்தப் பலகை உரிமம் பெற்றது, எது பெறாதது என்பதைச் சாலையில் நின்று உறுதியாகச் சொல்லக்கூடிய முழுமையான பதிவேடு இல்லாமையே முக்கியக் காரணம் எனக் கருதுகிறேன். எண்ணப்படாததைக் கட்டுப்படுத்த இயலாது.

வருவாய் நிலையும் மாறிவிட்டது. 2016ஆம் ஆண்டின் 101ஆவது அரசியலமைப்புத் திருத்தம், விளம்பர வரி விதிக்க மாநிலங்களுக்கு இருந்த அதிகாரத்தை நீக்கியது. ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்த பின்னர், உள்ளாட்சிகள் உரிமக் கட்டணத்தையும் இட வாடகையையுமே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது. வருவாய்க்காகப் பலகைகளைப் பெருக்கும் ஆசை இதனால் எழுகிறது. அந்த ஆசைக்கு எல்லை வகுப்பதும் விதியின் வேலையாகும்.

ஒரு சாலை, பல அதிகாரங்கள்

2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் வீசிய புழுதிக் காற்றில் பெரும் விளம்பரப் பலகை ஒன்று பெட்ரோல் நிலையத்தின் மீது சாய்ந்தது. 17 பேர் உயிரிழந்தனர். அப்பகுதியில் மாநகராட்சி அனுமதித்த உச்ச அளவு 40க்கு 40 அடி. விழுந்த பலகையோ 120க்கு 120 அடி. பக்கம் மூன்று மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்காகிறது. காற்றின் தள்ளுவிசையும் ஒன்பது மடங்காகிறது. அந்த நிலம் ரயில்வே காவல்துறையின் வசம் இருந்ததால், அனுமதி அளிக்கும் அதிகாரம் யாருடையது என்ற சர்ச்சை விபத்துக்குப் பின்னரே வெளிச்சத்துக்கு வந்தது.

இதை நமது ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை ஓர் அமைப்பின் கீழ் வருகிறது. தொழிற்பேட்டையை உருவாக்கியது மாநிலத் தொழிற்பகுதி மேம்பாட்டு வாரியம். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. சாலையிலிருந்து இங்கு வரை ஓடத் தொடங்கிய மெட்ரோவின் தூண்களும் நிலையங்களும் வேறொரு நிறுவனத்துக்கு உரியவை. இவற்றுக்கிடையே எஞ்சிய தெருக்கள் உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பு. எந்த அடி நிலத்தில் யார் உரிமம் தருவது, யார் ஆய்வு செய்வது, யார் அகற்றுவது என்று ஒரே வரைபடத்தில் குறித்துத் தருவதே ஆலோசகரின் முதற் பணியாக அமைய வேண்டும்.

இரவல் விதி உதவாது

ஓர் ஊரின் ஆலோசனை அறிக்கையைச் சில ஆண்டுகளுக்கு முன் படித்தேன். அந்த ஊர் கடற்கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அறிக்கையிலோ உப்புக் காற்றால் பலகையின் இரும்பு துருப்பிடிப்பதைப் பற்றி இரண்டு பக்கங்கள் இருந்தன! வேறொரு நகருக்கு எழுதியது பெயர் மாற்றி விற்கப்பட்டிருந்தது.

இரவல் விதி ஏன் பயன்படாது என்பதற்குக் காற்றே சான்று. இந்தியத் தர நிர்ணயத்தின்படி அடிப்படைக் காற்று வேகம் பெங்களூருக்கு வினாடிக்கு 33 மீட்டர், மும்பைக்கு 44, சென்னைக்கு 50. காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், சென்னையில் பலகை தாங்க வேண்டிய அழுத்தம் பெங்களூரைப்போல் சுமார் 2.3 மடங்காகும். மொழி பற்றிய சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. கர்நாடகத்தில் 2024ஆம் ஆண்டின் திருத்தப்படி வணிகப் பெயர்ப் பலகையில் 60 விழுக்காடு கன்னடமாக, அதுவும் மேற்பகுதியில், இருக்க வேண்டும். தமிழும் தெலுங்கும் இந்தியும் பேசும் தொழிலாளர் நிறைந்த இவ்வூரில், இதைச் சிறு கடைக்காரர் குறைந்த செலவில் நிறைவேற்ற மாதிரிப் படங்கள் வரைந்து தருவதும் ஆலோசகரின் கடமையே.

தேர்ந்தெடுக்கும் முறை

கர்நாடகத்தில் அரசு, உள்ளாட்சிக் கொள்முதல்களுக்கு 1999ஆம் ஆண்டின் வெளிப்படைத்தன்மைச் சட்டம் பொருந்தும். மிகக் குறைந்த விலை கேட்டவரையே அமர்த்த வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. அறிவுப் பணிக்குத் தரத்தையும் விலையையும் சேர்த்து எடைபோடும் முறை உண்டு. ஓர் உதாரணம் கூறுகிறேன். தரத்துக்கு 70, விலைக்கு 30 என்று எடை வகுத்ததாகக் கொள்வோம். முதலாமவர் தரத்தில் 90 புள்ளி பெற்று 20 இலட்சம் கேட்கிறார். இரண்டாமவர் 70 புள்ளி பெற்று 15 இலட்சம் கேட்கிறார். குறைந்த விலைக்கு 100 புள்ளி. முதலாமவரின் விலைக்கு 75 புள்ளி. கணக்கிட்டால் முதலாமவருக்கு 85.5, இரண்டாமவருக்கு 79. ஐந்து இலட்சம் கூடுதலாயினும் முதலாமவரே தேர்வு பெறுகிறார்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, ஆலோசகரின் கட்டணம் நிலையான தொகையாக இருக்க வேண்டும். விளம்பர வருவாயில் பங்கு என்று பேசினால், அதிகப் பலகைகளையே அவர் பரிந்துரைப்பார். இரண்டாவது, விளம்பர நிறுவனங்களுக்குப் பணிபுரிபவர் அதே வேளையில் மன்றத்துக்கும் ஆலோசனை கூறக் கூடாது. மூன்றாவது, பணத்தைத் தவணையாக வழங்க வேண்டும்: பதிவேடு முடிந்ததும் ஒரு பகுதி, வரைவு விதி மீது மக்கள் கருத்து கேட்ட பின் ஒரு பகுதி, ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்து முதல் ஆய்வுச் சுற்று நிறைவேறிய பின் எஞ்சியது.

விதியின் வடிவம்

நல்ல விதி, ஆய்வாளர் அளவு நாடாவைக் கொண்டு சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். ‘பொருத்தமான அளவு’, ‘அழகுக்குக் கேடில்லாத தோற்றம்’ போன்ற சொற்கள் வழக்குக்கும் கையூட்டுக்கும் வாசலைத் திறக்கின்றன. உயரம், அகலம், சந்திப்பிலிருந்து தூரம், விளக்கின் ஒளி, கட்டமைப்புப் பொறியாளரின் சான்று, உரிமம் முடியும் நாள் ஆகியவற்றை எண்ணாலும் தேதியாலும் சொல்ல வேண்டும்.

செய்தி எத்தகையது என்பதைப் பார்த்துப் பாகுபாடு செய்வதிலும் கவனம் தேவை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் கில்பர்ட் என்ற ஊர், தேவாலய வழிபாட்டுக்கு வழிகாட்டிய தற்காலிகப் பலகைகளை அரசியல் பலகைகளைவிடக் கடுமையாக நடத்தியது. அந்த விதி செல்லாது என 2015இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் அங்கே பல ஊர்கள் ஆலோசகர்களை அமர்த்தித் தம் பலகை விதிகளை மாற்றி எழுத நேர்ந்தது. நம் நாட்டிலும் வணிக விளம்பரம் பேச்சுரிமையின் பாதுகாப்புக்கு உட்பட்டது என 1995இல் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. ஆகவே வாழ்த்துப் பேனருக்கு ஒரு நீதி, பட்டறைப் பலகைக்கு ஒரு நீதி என்று இருத்தல் தகாது.

மன்றத்தின் பொறுப்பு

பட்டறை வாசலில் நான்கடிப் பெயர்ப் பலகை வைத்திருப்பவருக்கு அது விளம்பரம் அன்று; வாடிக்கையாளர் தம்மைக் கண்டுபிடிக்கும் வழி. அகற்றும் நடவடிக்கை தொடங்கும்போது முதலில் கழற்றப்படுவது பெரும்பாலும் அதுதான். ஏனெனில், அதற்கு ஏணி ஒன்று போதும். பெரிய பலகையைக் கழற்றக் கிரேன் வேண்டும், துணிவும் வேண்டும். இந்த அநீதியை எந்த ஆலோசகரின் அறிக்கையும் தானாகத் தடுத்துவிடாது.

எண்ணிக்கையை எடுத்துத் தருவது, வரைபடம் வரைவது, பிற ஊர்களின் அனுபவத்தைக் கூறுவது ஆகியவை ஆலோசகரின் பணி. எத்தனை பலகைகளை இவ்வூர் தாங்கும், எந்தத் தெருவில் ஒன்றும் கூடாது, எதை முதலில் அகற்றுவது என்ற முடிவுகள் மன்றத்துக்கே உரியவை. அறிக்கை அலமாரியில் அடைபடாதிருக்க, பதிவேட்டை ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன் சரிபார்த்து, உரிமம் பெற்ற பலகைகளின் பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பட்டியலில் இல்லாத பலகை எது என்பதைப் பிறகு மக்களே சொல்லிவிடுவார்கள்.