குறுக்களவு எங்கே?

(உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்கான கூட்டத்தில், நில மற்றும் கட்டட மதிப்பீட்டாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் அரசுப் பள்ளியில் படித்தவள். கட்டடப் பொறியியல் முடித்துவிட்டு, மூத்த மதிப்பீட்டாளர் ஒருவரிடம் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். நிலத்துக்கு விலை சொல்வதுதானே, பத்து நாளில் கற்றுவிடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு கலைந்த நாளைப் பற்றிச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

ஓர் அண்ணனும் தங்கையும் தந்தையின் 2 மனைகளைப் பிரித்துக்கொள்ள வந்திருந்தார்கள். ஒரே தெரு, ஒரே விலை. அண்ணனுக்கு ஐம்பதுக்கு ஐம்பது மனை, 2,500 சதுர அடி. தங்கைக்குக் கோணலான மனை. அதை அளக்க என்னை அனுப்பினார் ஐயா. எளிதாக இருக்க அளவுகளை முழு எண்களாகச் சொல்கிறேன்: வரிசையாக 25, 63, 56, 60 அடி. பலரும் செய்வதுபோல எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்தேன். நாற்பதரை, அறுபத்தொன்றரை. பெருக்கினால் 2,490 சதுர அடிக்குச் சற்று மேல். இரண்டு மனையும் ஏறக்குறைய சமம் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஐயா தாளைப் பார்த்தார். “குறுக்களவு எங்கேம்மா?” என்றார்.

நான் எடுக்கவில்லை. “நாலு பக்கம் மட்டும் தெரிஞ்சா மனை நிக்காதும்மா. கட்டில் சட்டத்தை ஆட்டிப் பாரு, பக்கம் மாறாது, பரப்பு மாறும்” என்றார். திரும்பிப் போய் மூலைக்கு மூலை டேப் பிடித்தேன். 52 அடி. இப்போது மனை இரண்டு முக்கோணங்களாகிவிட்டது. 25, 63, 52 கொண்ட முக்கோணம் 630 சதுர அடி. 56, 60, 52 கொண்டது 1,344. மொத்தம் 1,974 சதுர அடிதான்!

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. நான் போட்ட கணக்கில் தங்கையின் பங்கில் ஒரு சென்ட்டுக்கும் மேலான நிலம் வெறும் காகிதத்தில் இருந்தது. சதுர அடி 1,000 ரூபாய் என்று வைத்தாலே 5 லட்சத்தைத் தாண்டும் இழப்பு. அந்த அம்மா என் தாளை நம்பிக் கையெழுத்துப் போட்டிருப்பார். திருத்திய அறிக்கையைப் பார்த்த அண்ணன், வித்தியாசத்துக்குப் பணம் தர ஒப்புக்கொண்டார்.

அன்று எனக்கு உதவியது ஒன்பதாம் வகுப்பு ஹெரான் சூத்திரம். அதை நடத்தியபோது, “இது எதுக்கு டீச்சர்?” என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. சராசரி முறை செவ்வகத்துக்கு மட்டுமே சரி. மற்ற எந்த நாற்கரத்துக்கும் பரப்பைக் கூட்டியே காட்டும் என்பது பிறகு புரிந்தது. நில அளவையர்கள் புலப்படத்தில் மூலைவிட்டம் போட்டு, நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து வைத்திருப்பதும் இதனால்தான்.

இனி, மாணவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய செய்தி. பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்களுக்கான விதிகள் 2017இல் வந்தன. நிலம், கட்டடம் பிரிவில் பதிவுபெற, கட்டடப் பொறியியல், கட்டடக்கலை, நகரமைப்பு ஆகியவற்றில் ஒரு பட்டமும் அதன்பின் 5 ஆண்டு அனுபவமும் வேண்டும். முதுநிலை என்றால் 3 ஆண்டு. பிறகு, அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் அமைப்பில் உறுப்பினராகிப் பயிற்சி முடித்து, இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியத்தின் தேர்வில் வெல்ல வேண்டும். ஆக, இது பட்டம் வாங்கிய மறுநாளே கிடைக்கும் வேலை அன்று. இடைப்பட்ட ஆண்டுகளில் என்னைப்போல ஒரு மூத்தவரிடம் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் கற்பது நிறைய. பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஹெக்டேர், ஏர், மனையில் சதுர அடி என மாறி மாறி வரும். வில்லங்கச் சான்று படிக்க வேண்டும். அரசின் வழிகாட்டி மதிப்பு வேறு, சந்தை மதிப்பு வேறு என்று அறிய வேண்டும். அக்கம்பக்கத்தில் உண்மையில் நடந்த விற்பனையோடு ஒப்பிடுவது, வரும் வாடகையிலிருந்து மதிப்பைக் கணிப்பது, கட்டும் செலவில் தேய்மானத்தைக் கழிப்பது என்ற மூன்று வழிகளில் எது எங்கே பொருந்தும் என்று தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூலி கொடுப்பவர் விரும்பும் தொகையை எழுதாத மனம் வேண்டும்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஹெரான் சூத்திரம் நடத்தும்போது, பிள்ளைகளிடம் ஒரு டேப்பைக் கொடுத்துப் பள்ளி மைதானத்தின் கோணலான மூலை ஒன்றை அளக்கச் சொல்லுங்கள். நான்கு பக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு ஓடி வருவார்கள். வரட்டும். அப்போது கேளுங்கள், “குறுக்களவு எங்கே?” என்று.