காகிதத்தில் ஒளிந்திருக்கும் இரும்பு

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் போட்டோஸ்டேட் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். பெரிய பேச்சாளன் அல்லன். ஆகவே, என் கையில் தினமும் குத்துகிற ஒரு சின்னப் பொருளைப் பற்றியே பேசுகிறேன். அதுதான் ஸ்டேப்ளர் ஊசி.

ஒரு நாள் ஒரு கடையில் இயந்திரம் சிக்கிக்கொண்டது என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தால், ஒரு பாட்டி அழுதுகொண்டு நிற்கிறார். பேரனைப் பள்ளியில் பதிய மகனுடைய சூராட் பெரானாக்கைக் கொண்டுவந்திருக்கிறார். அதன் பின்னால் ஒரு பழைய ரசீது ஊசியால் குத்தப்பட்டிருந்தது. கடைப் பையன் அதைக் கவனிக்கவில்லை. இயந்திரத்தின் மேல்தட்டில் வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டான். நான் வெளியே எடுத்தபோது பத்திரம் இரண்டு துண்டு. "இது ஒண்ணுதான்யா இருந்துச்சு" என்றார் பாட்டி. என்னால் இயந்திரத்தைச் சரிசெய்ய முடிந்தது. பத்திரத்தைச் சரிசெய்ய முடியவில்லை.

ஏன் கிழிந்தது? மேல்தட்டில் அடுக்கிய தாள்களை ஓர் உருளை உள்ளே இழுக்கிறது. ஒட்டிக்கொண்டு வரும் இரண்டாவது தாளை ஒரு தடுப்பு பிடித்து நிறுத்துகிறது. ஒன்று போக வேண்டும், மற்றொன்று நிற்க வேண்டும். இரண்டையும் ஊசி பிணைத்திருந்தால் என்ன ஆகும்? ஒன்றை முன்னே இழுக்க, மற்றொன்றைப் பின்னே பிடிக்க, கிழியாமல் என்ன செய்யும்? ஊசி முனை உள்ளே இருக்கும் கண்ணாடியைக் கீறிவிட்டாலோ, அதற்குப் பின் அந்த வழியாகப் போகும் ஒவ்வொரு தாளின் நகலிலும் ஒரு கோடு விழும்.

இதைத் தடுக்க விஞ்ஞானம் ஒரு வழி சொல்கிறது. ஸ்டேப்ளர் ஊசி எஃகுக் கம்பி. காந்தத்தின் பக்கம் போனால் தானும் காந்தமாகிவிடும். ஆகவே, தாள் நுழையும் வாசலில் ஒரு காந்தத்தையும், அதையடுத்துக் காந்தப்புலத்தை அறியும் ஓர் உணர்கருவியையும் வைக்கலாம். வெறும் தாள் போனால் ஒன்றும் நேராது. ஊசி போனால் காந்தப்புலம் மாறும்; உணர்கருவி மின்குறிப்பு அனுப்பும்; உருளை உடனே நின்றுவிடும்.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததல்ல. மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820இல் டென்மார்க்கு அறிஞர் ஓர்ஸ்டெட் கண்டார். 1879இல் அமெரிக்காவில் எட்வின் ஹால், மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரத்தை ஓடவிட்டுக் காந்தத்தைக் காட்டினார். தகட்டின் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றியது. அதே தத்துவத்தில்தான் இன்று பல காந்த உணர்கருவிகள் வேலை செய்கின்றன. அப்போது ஹால் யார் தெரியுமா, பிள்ளைகளே? அவரும் உங்களைப் போல ஒரு மாணவர்தான்!

நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு தாளில் ஊசி குத்துங்கள். அதன்மேல் காந்தத்தை ஒரே திசையில் பலமுறை தேய்த்துவிட்டு, காந்தத்தைத் தூரமாக வையுங்கள். பிறகு தாளைத் திசைகாட்டியின் அருகே மெல்லக் கொண்டுபோங்கள். முள் அசையும். ஊசி ஒளிந்திருப்பதை முள் சொல்லிவிடும்.

ஆனால் இந்தக் காவலாளிக்கும் குறை உண்டு. பித்தளைக் குண்டூசியும், பிளாஸ்டிக் கிளிப்பும், மணலும் அதன் கண்ணில் படா. நம் ஊர்க் கடைகளின் சாதாரண இயந்திரங்கள் பலவற்றில் இந்தக் காவலே கிடையாது.

பெரியோர்களே, இது உங்களுக்குத் தெரியாததா? ரப்பர் பாலை முதலில் வடிகட்டினோம். அப்புறம்தானே உறைய வைத்து உருளையில் விட்டோம்? ஷீட் ஆனபிறகு பட்டைத் துணுக்கைத் தேடி என்ன பயன்? காகிதத்துக்கும் அதே கதைதான்.

ஆகவே மூன்று வேண்டுகோள். முக்கியப் பத்திரத்தில் எதையும் ஊசியால் குத்தாதீர்கள். உறையில் போட்டு வையுங்கள். கடையில் கொடுக்குமுன் நான்கு மூலைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். "தம்பி, மேல்தட்டில் விடாதே, மூடியைத் தூக்கிக் கண்ணாடிமேல் வைத்து எடு" என்று சொல்லுங்கள். சொல்ல வெட்கப்பட வேண்டாம். பத்திரம் உங்களுடையது.

இன்று பரிசு பெறும் செல்வங்களே, உங்கள் நற்சான்றிதழிலிருந்தே இதைத் தொடங்குங்கள். நாளைக்கு வேலைக்குப் போகும்போது அது முழுசாக இருக்க வேண்டும்.