குடலழற்சியும் மூலிகை ஆராய்ச்சியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இந்நகரின் தார்நாக்காப் பகுதியில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருப்பதை நாம் அறிவோம். நம்மைப் போலவே அதுவும் தமிழகத்தினின்று இங்கே குடியேறியது என்பதைச் சிலரே அறிவர். 1918ஆம் ஆண்டு, நீலகிரியில் குன்னூரில், ராபர்ட் மக்காரிசன் என்னும் இராணுவ மருத்துவர் தொடங்கிய ஆராய்ச்சி நிலையமே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு வந்தது. உயிர்ச்சத்து அழியுமாறு கடும் வெப்பத்தில் வேகவைத்த அரிசியை அவர் குரங்குகளுக்கு ஊட்டினார். அவற்றின் குடலில் அழற்சி தோன்றியதை 1921இல் வெளியான தம் நூலில் விரித்துரைத்தார். குடல் நோயை விலங்கின் வாயிலாக அறியும் முயற்சி நம் மலையிலேயே அன்று நிகழ்ந்தது. அம்முயற்சியின் இன்றைய நிலையை, மூலிகைகளைப் பொறுத்தவரையில், சுருங்கக் கூற விழைகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். பெருங்குடலின் உட்பரப்பு புண்ணாகிக் குருதியும் சீதமும் கழிவது ஒரு வகை. வாய் முதல் எருவாய் வரை உணவுப் பாதையின் எப்பகுதியையும் தாக்கவல்ல கிரோன் நோய் மற்றொரு வகை. இவை சில நாளில் தீரும் சீதபேதி அல்ல. அடங்கியும் மீண்டும் கிளர்ந்தும் ஆண்டுக்கணக்கில் தொடர்வன. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே குடலைத் தாக்குகிறது. பலர் இதனை மூலநோய் என்றெண்ணி, வெளியிற் சொல்ல நாணி மறைக்கின்றனர்.

ஆராய்ச்சியாளர் இந்நோயைச் சுண்டெலிகளிடம் வருவிக்கின்றனர். டெக்ஸ்ட்ரான் சல்பேட் என்னும் பொருளைக் குடிநீரிற் கலந்து ஒரு வாரம் கொடுத்தால், எலியின் பெருங்குடல் புண்ணாகிச் சுருங்குகிறது, எடை குறைகிறது. நம் மஞ்சளிலுள்ள குர்க்குமின் இத்தகைய எலிகளின் அழற்சியைத் தணிப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் இங்கே இரண்டு செய்திகளை மறத்தலாகாது. அந்நீரை நிறுத்தினாலே எலியின் குடல் தானாக ஆறத் தொடங்கும். மனிதரின் நோய் அவ்வாறு ஆறுவதில்லை. மேலும், பல ஆய்வுகளில் நோய் தோன்றுமுன்னரே மூலிகை கொடுக்கப்படுகிறது. வருமுன் தடுத்தல் வேறு. வந்தபின் தீர்த்தல் வேறு.

ஆதலின் மனிதரிடம் நடந்த சோதனைகளையும் காண்போம். 2006இல் ஜப்பானில் 89 நோயாளர் இதிற் பங்கு பெற்றனர். வழக்கமான மருந்தோடு நாள்தோறும் 2 கிராம் குர்க்குமின் உண்டோரிடம், ஆறு மாதத்தில் நோய் மீளக் கிளர்ந்தது குறைவாகவே இருந்தது. 2017இல் வெளியான தில்லி ஆய்விலோ, நாளொன்றுக்கு 450 மில்லிகிராம் கொடுத்தும் பயன் தெரியவில்லை. அளவு எத்துணை முதன்மையானது என்பது இதனாற் புலனாகும். மஞ்சள் தூளில் குர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே உண்டு. அவ்வாறாயின் 2 கிராம் பெற 60 கிராமுக்கு மேல் தூள் வேண்டும்! நம் சாம்பார் சுவைக்கு உதவும். அதனை மருந்தெனக் கருதுதல் இயலாது.

நம் நிலவேம்பும் சோதிக்கப்பட்டது. 2013இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 1800 மில்லிகிராம் சாறுப்பொருள் உண்டோருள் நூற்றுக்கு 60 பேரும், மருந்தில்லாப் போலிக் குளிகை உண்டோருள் 40 பேரும் நலம் கண்டனர். போலிக் குளிகைக்கும் 40 பேர் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒருவர் ‘எனக்குக் குணமாயிற்று’ என்று சொல்வது ஏன் போதிய சான்றாகாது என்பது விளங்கும்.

குந்துருக்கப் பிசின் 1997இல் ஜம்முவில் நடந்த சிறு ஆய்வில் நற்பயன் தந்தது. 2005இல் அமெரிக்காவில் சுண்டெலிகளுக்கு அதன் சாறுப்பொருளைக் கொடுத்தபோது, அழற்சி தணியவில்லை, கல்லீரல் பெருத்தது. நீலச்சாயம் தரும் இலைகளினின்று எடுக்கும் மருந்து ஜப்பானியர் பலருக்குக் குடற்புண்ணை ஆற்றியது. எனினும் சிலருக்கு நுரையீரல் நாளத்தில் குருதியழுத்தம் உயர்ந்தமையால், 2016இல் அந்நாட்டு அரசு எச்சரிக்கை விடுத்தது. இலையிற் பிறந்த மருந்தாயினும், வலிமை உடையதெனில் தீங்கும் செய்யவல்லது.

அன்பர்களே! முன்னோர் தந்த மூலிகைகளை இகழ்வது என் நோக்கமன்று. அவற்றை முறையாகச் சோதிப்பதே அவற்றிற்கு நாம் செய்யும் மரியாதை. எலியிடம் கண்ட பயன் ஆராய்ச்சியின் தொடக்கமேயன்றி முடிவு ஆகாது. ஆதலின், மலத்தில் குருதி வாரக்கணக்கில் கண்டால் நாணாது மருத்துவரை நாடுங்கள். கொடுத்த மருந்தைச் செய்தித்தாளிற் கண்ட எலிக்கதையை நம்பி நிறுத்திவிடாதீர்கள். மூலிகை உண்பதாயின், எதனை, எவ்வளவு உண்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காது கூறுங்கள்.