மேடைப் பயமும் மூளையின் இரத்த ஓட்டமும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டது.)

 

பரிசு வாங்கிய பிள்ளைகளைக் கைதட்டி வாழ்த்தினோம். அது முறைதான். ஆனால் இன்று நான் பேச வந்தது பரிசு வாங்காத ஒரு பிள்ளையைப் பற்றி. அந்தப் பிள்ளை எல்லாப் பள்ளியிலும் உண்டு. வீட்டில் பத்துக் குறளையும் தடுக்காமல் சொல்லும். மேடையில் ஏற்றினால் முதல் குறளின் முதல் சொல்லே வராது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கியா பார்ம் குளிரிலும் உள்ளங்கை வேர்க்கும். கீழே உட்கார்ந்திருக்கும் நாம் என்ன சொல்கிறோம்? "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்கிறோம். வீட்டுக்குப் போனபின், "ஊரு முன்னால மானத்த வாங்கிட்டியே" என்கிறோம். பிள்ளையின் நன்மைக்காகத்தான் சொல்கிறோம். ஆயினும் அந்தச் சொல் நன்மை செய்கிறதா என்று யாராவது பார்த்ததுண்டா?

பார்த்திருக்கிறார்கள். மருத்துவ அறிஞர்கள் மூளைக்குள்ளேயே பார்த்திருக்கிறார்கள். அதைத்தான் எளிய முறையில் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நம் உடம்பில் எந்தப் பகுதி உழைக்கிறதோ, அந்தப் பகுதிக்கு இரத்தம் கூடுதலாக ஓடும். மேட்டில் கூடை சுமந்து ஏறினால் காலுக்கு ஓடும். மூளையும் அப்படித்தான். இத்தாலி நாட்டு டூரின் நகரில் ஆஞ்சலோ மோசோ என்ற அறிஞர், ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கண்டார். பெர்ட்டினோ என்ற ஒரு விவசாயிக்கு அடிபட்டு மண்டையோட்டில் திறப்பு ஏற்பட்டிருந்தது. அந்த இடத்தில் மூளையின் துடிப்பை வெளியிலிருந்தே அளக்க முடிந்தது. கோயில் மணி ஒலித்தபோது அந்தத் துடிப்பு கூடியது. "8ஐ 12ஆல் பெருக்கு" என்று கேட்டபோதும் கூடியது. கை கால் ஒன்றும் அசையவில்லை. எண்ணம் அசைந்தது, இரத்தம் அசைந்தது.

இப்போது மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. ஸ்கேன் இயந்திரத்தில் படுக்க வைத்து, மூளையின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு இரத்தம் போகிறது என்று படமாகவே எடுக்கிறார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரிலுள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வு 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதைக் கேட்டால் நம் வீட்டுக் கதை போலவே இருக்கும். வளர்ந்த ஆட்களை ஸ்கேனில் படுக்க வைத்தார்கள். நான்கு இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, அதிலிருந்து 13, 13ஆகக் கழித்துக்கொண்டே போகச் சொன்னார்கள். கணக்கு அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் இருந்து, "இன்னும் வேகமாக! இன்னும் வேகமாக!" என்று விரட்டினார்கள். தப்பு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்கள்.

என்ன நடந்தது? நெற்றிக்குப் பின்னால், வலப்பக்க மூளையில் ஒரு பகுதிக்கு இரத்த ஓட்டம் கூடியது. யாருக்கு மன அழுத்தம் அதிகமோ, அவருக்கு அது அதிகமாகக் கூடியது. முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. கணக்கு முடிந்தது, விரட்டுவதும் நின்றது. அப்படியிருந்தும் அந்த இரத்த ஓட்டம் உடனே பழைய நிலைக்கு இறங்கவில்லை. கணக்கு நின்றபின்னும் மூளை காவலுக்கு நின்றுகொண்டிருந்தது!

பெற்றோர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரவு சாப்பாட்டுக்கு முன் வாய்ப்பாடு கேட்கிறோம். "ஏழெட்டு எவ்வளவு? சொல்லு! சீக்கிரம் சொல்லு! தெரியாதா? ஆரம்பத்துலேர்ந்து வா!" அந்த ஆய்வுக்கூடத்தில் மனத்துக்கு அழுத்தம் உண்டாக்குவதற்கென்றே திட்டமிட்டுச் செய்ததை, நாம் பாடம் சொல்லிக் கொடுப்பதாக நினைத்துச் செய்கிறோம். அவர்கள் பெரியவர்கள், நம்முடையது எட்டு வயதுப் பிள்ளை. யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் பிள்ளைகளின் பயத்தை யாரும் எடுக்கவில்லை. மேடையில் வாயடைத்து நிற்பது திமிரும் அல்ல, சோம்பலும் அல்ல. உடம்புக்குள் உண்மையாக நடக்கும் ஒன்று அது.

"சரிங்க, பயம் உண்மைதான். அதுக்கு மருந்து என்ன?" என்று கேட்பீர்கள். மருந்து உண்டு. அதில் ஒருவகை, மாத்திரை இல்லாத மருந்து.

அதே பிலடெல்பியாவில் 1960களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மனம் சோர்ந்து வருகிறவர்களின் உள்ளே சில எண்ணங்கள் தாமாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன: "நான் எதற்கும் லாயக்கில்லை", "எல்லாரும் சிரிப்பார்கள்". கேட்பாரில்லாமல் ஓடும் அந்த எண்ணம்தான் மனத்தைப் பிடித்து அழுத்துகிறது என்று கண்டார். எண்ணத்தை எடுத்து வெளியே வைத்து, "இது மெய்யா?" என்று சோதிக்கக் கற்றுக்கொடுத்தார். அதோடு நடத்தைப் பயிற்சியும் சேர்ந்தது. அதாவது, பயப்படும் காரியத்தைவிட்டு ஓடாமல், சிறிது சிறிதாகச் செய்து பழகுவது. இதைத்தான் இன்று சி.பி.டி. என்கிறார்கள். எண்ணத்தையும் நடத்தையையும் சீர்செய்யும் சிகிச்சை என்று நாம் சொல்லலாம்.

இதைத் தனியாகவும் செய்யலாம், பத்துப் பேர் கூடிக் குழுவாகவும் செய்யலாம். குழுவில் செய்தால் மூளையில் மாற்றம் தெரியுமா? சுவீடன் நாட்டு உப்சாலா நகரில் இதையே சோதித்து, 2002இல் வெளியிட்டார்கள். நாலு பேர் முன்னால் பேசவே நடுங்கும் 18 பேரைத் தேர்ந்தார்கள். ஆறு பேருக்கு மாத்திரை. ஆறு பேருக்குக் குழுவாகச் சி.பி.டி.; மீதி ஆறு பேர் காத்திருப்போர். ஒன்பது வாரம். முதலிலும் முடிவிலும் ஒவ்வொருவரையும் ஸ்கேனில் வைத்து, ஒரு சிறு கூட்டத்தின் முன் பேசச் சொன்னார்கள். பேசும்போதே மூளையின் இரத்த ஓட்டத்தை அளந்தார்கள்.

நம் மூளையின் உள்ளே, வாதுமைப் பருப்பு வடிவத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு பகுதிகள் உண்டு. அமிக்டலா என்று பெயர். ஆபத்து வரும்போது மணியடிப்பது அதுதான். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்த இடத்தில் இரத்த ஓட்டம் தணிந்தது. குழுவாகப் பேசிப் பழகியவர்களுக்கும் அதே இடத்தில் தணிந்தது. சும்மா காத்திருந்தவர்களுக்கு அந்த மாற்றம் இல்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும், எவருக்கு அந்த மணி நன்றாகத் தணிந்திருந்ததோ அவரே நன்றாக இருந்தார். வெறும் 18 பேர்தான், சிறிய ஆய்வு. ஆகவே இதை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது. ஆனாலும் ஒன்றைச் சொல்கிறது: நல்ல முறையில் பேசுவதும் பழகுவதும் வெறும் ஆறுதல் அல்ல, மூளை வரைக்கும் போகிறது.

அடுத்து, குடும்பம். ஆஸ்திரேலியாவில் 1996இல் வெளியான ஆய்வு ஒன்று. பயத்தாலும் கவலையாலும் அவதிப்பட்ட, 7 முதல் 14 வயது வரையுள்ள 79 பிள்ளைகள். சிலருக்குப் பிள்ளைக்கு மட்டும் சி.பி.டி. சிலருக்குத் தாய் தகப்பனையும் சேர்த்து. பிள்ளை பயப்படும்போது பெற்றோர் என்ன சொல்வது, தைரியமாக ஒரு சின்னக் காரியம் செய்தால் எப்படிப் பாராட்டுவது, பெற்றோர் தங்கள் சொந்தக் கவலையை எப்படி ஆள்வது என்று சொல்லிக் கொடுத்தார்கள். சிகிச்சை முடிந்தபோது, பிள்ளைக்கு மட்டும் செய்ததில் 100க்கு 57 பேர் நோய் நீங்கியிருந்தார்கள். குடும்பத்தையும் சேர்த்ததில் 100க்கு 84 பேர். காத்திருந்தவர்களில் 26 பேர். ஆறாண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டு வகையினரும் ஏறத்தாழ சமமாக நன்றாகவே இருந்தார்கள். ஆகவே, பெற்றோர் கூட வர முடியாத பிள்ளைக்குக் கதியில்லை என்று பொருளல்ல. பெற்றோர் கை கொடுத்தால் பிள்ளை முன்னதாகக் கரையேறுகிறது என்று பொருள்.

குடும்பத்தைச் சேர்த்து மருத்துவம் பார்ப்பது வெள்ளைக்காரன் சொல்லித் தெரிந்ததல்ல. தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம் பாகாயத்தில் இருக்கிறது. அங்கே 1957இலிருந்தே நோயாளியோடு வீட்டார் ஒருவரும் வந்து தங்க வேண்டும் என்ற முறை உண்டு. கூடவே இருந்து, சமைத்து, நோயைப் பற்றித் தெரிந்துகொண்டு போவார்கள். அதற்கும் முன்பே பஞ்சாபில் அமிர்தசரஸ் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், வளாகத்தில் கூடாரம் போட்டு வீட்டாரைத் தங்க வைத்தார். நோயாளியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதல்ல மருத்துவம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நம் ஊரில் நிலைமை என்ன? பிள்ளை அடம் பிடித்தால், "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டுகிறோம். 1911இல் தொடங்கிய அந்த மருத்துவமனைக்கு இன்று பஹாகியா என்று பெயர். மகிழ்ச்சி என்பது பொருள். மருத்துவமனையைப் பூச்சாண்டி ஆக்கினால், நாளைக்கு உண்மையாக உதவி தேவைப்படும்போது அந்தப் பிள்ளை எப்படி வாய் திறக்கும்?

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? நான்கு காரியம் சொல்கிறேன்.

ஒன்று, பயத்துக்குப் படிக்கட்டு போடுங்கள். முதலில் அம்மாவிடம் மட்டும் குறள் சொல்லட்டும். பிறகு பாட்டியும் தாத்தாவும் இருக்கும்போது. பிறகு பக்கத்து வீட்டு அக்கா முன்னால். பிறகு வகுப்பில். கடைசியில் மேடை. ஒரு படியில் கால் நிலைத்தபின் அடுத்த படி. தள்ளிவிடவும் வேண்டாம், "போகட்டும், மேடையே வேண்டாம்" என்று தூக்கிக்கொண்டு வந்துவிடவும் வேண்டாம். ஓடி வந்தால் அப்போதைக்குச் சுகம்; அடுத்த முறை பயம் இரட்டிப்பாகும்.

இரண்டு, எண்ணத்தைக் கேளுங்கள். "ஏன் பயந்தே?" என்று அதட்டாமல், "அந்த நேரத்தில மனசுல என்ன ஓடுச்சு, கண்ணு?" என்று கேளுங்கள். "எல்லாரும் சிரிப்பாங்கம்மா" என்று சொல்லும். "போன தடவை எத்தனை பேர் சிரிச்சாங்க?" என்று கேளுங்கள். எண்ணிப் பார்க்கட்டும். ஒருவர், இருவர்தான் என்று அதுவே சொல்லும். அந்தச் சோதனைதான் சி.பி.டி.யின் உயிர்.

மூன்று, கூட்டாகப் பழகட்டும். கூச்சமுள்ள ஐந்தாறு பிள்ளைகளை வாரம் ஒருநாள் ஒன்றாக உட்கார வைத்து ஒருவர் முன் ஒருவர் பேச விடலாம். "எனக்கு மட்டும்தான் இப்படி" என்ற எண்ணம் அங்கேயே பாதி கரைந்துபோகும். இது சிகிச்சை அல்ல, நல்ல பழக்கம். ஆசிரியர்களும் பெற்றோர் சங்கமும் மனம் வைத்தால் செலவில்லாமல் நடக்கும்.

நான்கு, நாம் நம்மைப் பார்த்துக்கொள்வது. சம்பளக் கவலை, கடன் கவலை, மழை பெய்தால் மண் சரியுமோ என்ற கவலை எல்லாம் நமக்கு உண்டு. பிள்ளை நம் வாயைவிட நம் முகத்தைத்தான் படிக்கிறது. களைத்துப்போய் வந்த நேரத்தில் வாய்ப்பாடு கேட்காதீர்கள். ஒரு தேத்தண்ணி குடித்து, முகம் கழுவி, பிறகு உட்காருங்கள்.

இவ்வளவு செய்தும் தீராத பயமும் உண்டு. பள்ளி நாளில் மட்டும் தினமும் வயிற்றுவலி, தூக்கமின்மை, சாப்பாடு இறங்காமை, வாரக்கணக்கில் பள்ளிக்குப் போக மறுப்பது, "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு. இவற்றில் எது கண்டாலும் காத்திருக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கிலோ தானா ராத்தா மருத்துவமனையிலோ டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வயிற்றுக்கும் பார்க்கட்டும், மனத்துக்கும் பார்க்கட்டும். சுகாதார அமைச்சு 2022இல் 15555 என்ற தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. மனச்சுமையைப் பேச அதையும் அழைக்கலாம். காய்ச்சலுக்குக் கிளினிக் போவது கேவலமில்லை என்றால், இதுவும் கேவலமில்லை.

மாணவச் செல்வங்களே, கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. நெஞ்சு படபடத்தால் நீங்கள் கோழை என்று அர்த்தமில்லை. உங்கள் மூளை உங்களைக் காப்பாற்றப் பார்க்கிறது. கொஞ்சம் அவசரப்பட்டு மணியடிக்கிறது. மெதுவாக மூச்சு விடுங்கள். முதல் சொல்லை மட்டும் சொல்லுங்கள். மறந்துபோனால் நில்லுங்கள், மறுபடி சொல்லுங்கள். கீழே இருக்கும் நாங்கள் காத்திருப்போம்.

பெரியவர்களே, காத்திருப்போம் என்று உங்கள் சார்பிலும் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த ஆண்டு விழாவில் ஒரு பிள்ளை மேடையில் வந்து வாயடைத்து நிற்கும்போது, அந்த வாக்கை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.