நடுக்குவாத நோயாளரின் குடல்நலம்: கருத்தரங்கத் தலைமையுரை

தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அமைந்துள்ள தாம்பரத்தில், பார்க்கின்சன் நோயாளரின் குடலைப் பற்றி ஆராய நரம்பியலாரும் சித்த மருத்துவரும் உணவியலாரும் ஓரவையில் கூடியிருப்பது மிகப் பொருத்தமானது. இந்நோயோடு ஒப்பிடப்படும் நடுக்குவாதத்தைச் சித்த மருத்துவம் வாத நோய்களுள் வைக்கிறது. மலத்தைக் கீழ்நோக்கித் தள்ளும் அபானனும் வாதத்தின் கூறே ஆதலால், நடுக்கமும் மலச்சிக்கலும் சேர்ந்து வருவது அம்மரபினருக்கு வியப்பளிப்பதில்லை. 1817இல் வெளிவந்த ஜேம்ஸ் பார்க்கின்சனின் கட்டுரையும் மலச்சிக்கலைக் குறிப்பிட்டது. கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது தோன்றக்கூடும் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆல்பா-சினுக்ளீன் என்னும் புரதம் பிறழ்ந்து திரள்வது குடல் நரம்புகளில் தொடங்கி, குடலை மூளைத்தண்டோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியே மேலேறக்கூடும் என்று 2003இல் ஹைக்கோ பிராக் குழுவினர் முன்வைத்த கருதுகோள் இன்றும் விவாதிக்கப்படுகிறது.

நோயின் தலையாய மருந்தாகிய லெவோடோபாவின் வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு. பூனைக்காலி விதையிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்ததை 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தின் தாமோதரனும் இராமசாமியும் வெளியிட்டனர். இம்மருந்து சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. ஆகவே இரைப்பை மந்தமானால் மாத்திரையின் பயன் தாமதமாகிறது. மேலும், என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் போன்ற குடல் பாக்டீரியாக்கள் தம் நொதியால் லெவோடோபாவைக் குடலிலேயே டோபமினாக மாற்றிவிடுவதை 2019இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அவ்வாறு உண்டான டோபமின் மூளைக்குள் புகாது.

புரோபயாடிக் என்பது, போதிய அளவில் உட்கொண்டால் உடல்நலத்திற்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரைக் குறிக்கும். மலச்சிக்கலுள்ள பார்க்கின்சன் நோயாளரிடம் நான்கு வாரம் நடத்தப்பட்டு, இத்தாலியிலிருந்து 2016இலும் மலேசியாவிலிருந்து 2021இலும் வெளியான ஆய்வுகளில், இவற்றை உட்கொண்டோருக்கு மலம் கழியும் தடவைகள் கூடின. நாள்தோறும் முக்கித் துன்புறும் முதியவருக்கு இது சிறிய ஆறுதலன்று. ஆயினும் நடுக்கம் நீங்கும், நோய் நிற்கும் என்று கூறி இவற்றை விற்பதற்கு இச்சான்று இடந்தரவில்லை என்பதை இவ்வவை அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

புளித்த உணவெல்லாம் புரோபயாடிக் ஆகிவிடாது. இட்லி மாவிலுள்ள பாக்டீரியாக்கள் ஆவியில் வேகும்போது பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன; மோரிலும் நீராகாரத்திலும் அவை உயிரோடிருப்பினும், வகையும் எண்ணிக்கையும் வீட்டுக்கு வீடு மாறுபடும். தயிரின் புரதம் லெவோடோபா உறிஞ்சப்படுவதற்கும் இடையூறாகக்கூடும் என்பதால், தயிர்ச்சோற்றுக்கும் மாத்திரைக்கும் இடைவெளி வேண்டும். மாத்திரையோடு பூனைக்காலிப் பொடியையும் மருத்துவரிடம் சொல்லாமல் உண்பது மருந்தின் அளவை மிகையாக்கிவிடலாம்.

பல்லாவரம் முதல் வண்டலூர் வரையுள்ள மருத்துவமனைகளில், நடுக்கத்தோடு வருபவரிடம் மலம் கழியும் முறையையும் முதல் நாளே கேட்டுக் குறித்துவைப்பது தனிச்செலவின்றி இயலும். அத்தகைய பதிவேட்டை இரு மருத்துவ முறையினரும் பொதுவாகப் பேணுவது எவ்வாறு என்பதையே முதல் அமர்வு எடுத்துக்கொள்கிறது.