அரிய இசைத்தட்டின் விலை



நீரின்றி உயிர் வாழ இயலாது; எனினும் அதன் விலை சிறிது. வைரமின்றி வாழலாம், அதன் விலையோ பெரிது. பொருளாதார நூலோர் எடுத்தாளும் இப்பழைய புதிருக்கு இன்று இசைத்தட்டுகளைக் கொண்டு விடை காண்போம்.

அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்கள், தம் தேவாலயப் பாடலின் உருக்கத்தையும் ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ இசையின் தாளத்தையும் இணைத்து வளர்த்ததே ‘சோல்’ இசை. டெட்ராய்ட் மாநகரில் தோன்றிய மோட்டவுன் நிறுவனத்தார், 1965ஆம் ஆண்டில் பிராங்க் வில்சன் பாடிய ‘டூ ஐ லவ் யூ’ என்னும் பாடலை வெளியிட முனைந்தனர். முன்னோட்டப் படிகள் ஏறத்தாழ 250 அச்சிடப்பெற்றன என்பர். வில்சனோ, பாடகராக விளங்குவதினும் பாடல்களை ஆக்கித் தருவதையே தேர்ந்துகொண்டார். தட்டு கடைக்கு வரவில்லை. படிகளுள் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவ்வாறு எஞ்சிய படி ஒன்று 2009இல் 25,000 பவுண்டுக்கு மேலும், 2020இல் ஒன்று 1,00,000 பவுண்டுக்கும் விலைபோயின.

அருமை ஒன்றே இதற்குக் காரணமா? அன்று. ஒன்றிரண்டே எஞ்சியும் எவரும் விரும்பாத தட்டுகள் பல உள. அவற்றை வாங்குவார் இலர். விருப்பம் ஒன்றே காரணமா? அதுவும் அன்று. 1968இல் மார்வின் கே பாடி வெளிவந்த ‘ஐ ஹெர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்’ உலகமே விரும்பிய பாடல். இலட்சக்கணக்கில் விற்றமையால் அதன் பழைய தட்டு இன்றும் எளிய விலைக்கே கிடைக்கின்றது. அருமையும் விருப்பமும் கைகோக்கும் இடத்திலேதான் விலை ஏறுகின்றது.

இவ்விருப்பத்தை வளர்த்தவர் யாவர்? வட இங்கிலாந்தின் தொழில் நகர இளைஞர்கள். விகன் நகரின் ‘கேசினோ’ மண்டபத்தில் 1973 முதல் 1981 வரை அவர்கள் இரவு முழுதும் ஆடினர். விரைந்த தாளமுடையனவாய், அமெரிக்காவில் விலைபோகாதனவாய் இருந்த தட்டுகளையே நாடினர். பிறரிடம் இல்லாத தட்டை இசைப்பதே இசைப்போருக்குப் பெருமை. பெயர்த்தாளை மறைத்துப் பொய்ப்பெயர் சூட்டியவரும் உண்டு!

முத்திரையும் விலையை மாற்றும். டாரல் பேங்க்ஸ் 1966இல் பாடிய ‘ஓப்பன் தி டோர் டு யுவர் ஹார்ட்’ பாடலின் அமெரிக்கத் தட்டு எளிதிற் கிடைப்பது. பிரிட்டனில் வெளியீட்டு உரிமை வேறு நிறுவனத்திற்குச் சென்றமையால், ‘லண்டன்’ முத்திரையுடன் அச்சான தட்டு வெளிவரவில்லை. தப்பிய ஒரு படி 2014இல் 14,000 பவுண்டுக்கு மேல் விற்றது. பாடல் ஒன்றே, விலையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு!

கீறலும் கிழிசலும் விலையைக் குறைக்கும். போலிகளும் உலவுவதால், தட்டின் உள்விளிம்பில் பொறித்த எண்ணை அறிந்தோர் ஆராய்ந்தே வாங்குவர்.

வில்சனின் பாடல் 1979இல் பிரிட்டனில் மறுபதிப்பாக வெளிவந்தது. எவரும் சிறு தொகைக்கு அதனைக் கேட்கலாயினர். ஆயினும் முதற்படியின் விலை வீழவில்லை. ஆகவே, பெருந்தொகை கொடுப்பவர் வாங்குவது பொருளின் அருமையை; பாடலின் இனிமையை அன்று. இனிமை யாவர்க்கும் பொது. உருவாக்கியோரே கைவிட்ட பாடலுக்கு வாழ்வளித்தவை, அதனைத் தேடிக் கேட்ட செவிகளே.

விலையைக் கண்டு மதிப்பை அளவிடாதீர்கள், மாணவர்களே! எவரும் பொருட்படுத்தாத இடத்திலும் நல்லது உறங்கிக் கிடக்கலாம். அதனைத் தேடிக் காணும் செவியும் கண்ணும் உங்களுக்கு வாய்ப்பதாக.